ஐந்து நாளுக்கு எந்த ஊர்

லீட்ஸ்,
22 ஜனவரி 1967

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்துப் பலமுறை கிழித்துப் போட்டேன். பிரெஞ்சில் எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் பிரெஞ்சில் எழுதினால் நீங்கள் படித்துவிட்டு அப்படியே மடித்து வைத்துவிடுவீர்கள். தமிழில் எழுதினால் என் பிழைகளைத் திருத்தவாவது பேனாவைக் கையில் எடுப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை. நீங்கள் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது எனக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் இது. இங்கே இந்த ஆஸ்பத்திரியில் யாரிடம் பேசுவேன்? துருப்பிடித்துக் கிடக்கிறது.

நம் தீவின் தெற்கே சுரினாமிலிருந்து பெரியண்ணன் எழுதியிருந்தார். விஸ்வம் அண்ணனுடைய மோரிஸ் காரை விற்றுவிட்டீர்களாம். அடுத்தது கியூர்பிப் வீடுதானாம். அதன்பிறகு திருச்சியில் உங்கள் தம்பி வீட்டோடு போய்விடுவீர்களாம். "நீலமேகம் சொன்னதை சிவகாமி மறுக்கவில்லை" என்று தன்னைப் பற்றியே யாரோ மூன்றாம் ஆள் மாதிரி எழுதியிருக்கிறார். எப்போதும் போலத்தான்.

போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் போவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். விஸ்வம் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஸ்பெயினைப் பற்றிப் பேசாத வாரம் உண்டா? காலேஜில் பிள்ளைகளுக்கு சரித்திரம் நடத்தியது போதாதென்று நம்மையும் உட்காரவைத்து நடத்துவார். "ரிட்டயர் ஆனதும் மூன்று பேரும் போகிறோம்" என்பார். செப்டம்பர் முதல் இரண்டு வாரம் எனக்கு லீவு. கார் விற்ற பணத்தில் நீங்கள் மார்செய்க்குக் கப்பலேறுங்கள். அங்கிருந்து ரயில். நான் இங்கிருந்து வருகிறேன். மூன்று பேரில் இரண்டு பேராவது போகலாம்.

எந்த ஊர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ராஜலட்சுமி


கியூர்பிப்,
9 பிப்ரவரி 1967

ராஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிழைகள் இருந்தன. திருத்தவில்லை.

உன் அண்ணனை எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் உன் தந்தி வந்தது. வர முடியவில்லை, வருந்துகிறேன், ராஜி. அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "தங்கச்சி வரலையா?" என்று கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்று நானாக ஒரு காரணம் சொன்னேன். பதினாறாம் நாளுக்குள் ஒரு கடிதமாவது வரும் என்று பார்த்தேன். பொங்கலுக்குப் பார்த்தேன். அடுத்த ஆடிக்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். இப்போது திடீரென்று ஸ்பெயின் என்கிறாய். உனக்கு என்ன பதில் எழுதுவதென்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

இந்த வீட்டில் தமிழ் பேசுவதற்கு யாரும் இல்லை, ராஜி. உன் அண்ணன் ஒருவர்தான் என்னோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தார். மெட்ராஸில் படித்தபோது கற்றுக்கொண்ட தமிழ். சில சொற்களை அவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். கோயில் குருக்கள் திதி நட்சத்திரம் தாண்டி எதுவும் பேசமாட்டார். துணி துவைக்க வருகிற லிலியான் தினமும் வாசலில் நின்று, "மாதாம், ஊ தூசெல்?" என்று கேட்கிறாள். தனியாகவா இருக்கிறீர்கள் என்று. வேறு யார் இருக்கப் போகிறார்கள்? "வி, தூசெல்" என்கிறேன். மழை பிடித்துக்கொண்ட வாரங்களில் நான் வாய் திறந்து பேசுவது சில நாள் அதோடு சரி. அதனால்தான் திருச்சி. அங்கே தம்பி வீட்டில் சண்டை போட்டாலும் தமிழில் போடுவார்கள்.

இதையெல்லாம் எழுதவேண்டும் என்று நினைக்கவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உன் கேள்விக்கு வருகிறேன். அவருடைய பழைய அட்லஸை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். முதலில் டொலேடோ. பிறகு கோர்டோபா, செவில், கிரனாடா. வடக்கே போனால் செகோவியா, ஆவிலா, சலமான்கா. சலமான்காவில் பல்கலைக்கழகக் கட்டடம் பொன் நிறத்தில் இருக்கும் என்பார். இதில் எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாமே அவர் சொன்ன ஊர்கள்.

வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதினேன்.

சிவகாமி


லீட்ஸ்,
2 மார்ச் 1967

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை வார்டில் வைத்தே படித்தேன். பிறகு துணி அலமாரி இருக்கும் அறைக்குப் போய் இன்னொரு தடவை படித்தேன். தந்தியைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு இப்போது பதில் சொல்லவில்லை. கோபப்படாதீர்கள். அதை விட்டுவிட்டு ஊர்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

இரண்டு வாரத்தில் ஏழு ஊரா? என்னோடு வேலை பார்க்கும் கரோல் போன வருஷம் போய்வந்தாள். அங்கே ரயில் மெதுவாம். வடக்கையும் தெற்கையும் ஒரே பயணத்தில் வைத்தால் பாதி நாள் ரயில் பெட்டியிலேயே போகும் என்கிறாள். அதனால் ஆவிலா, செகோவியா, சலமான்கா மூன்றையும் எடுத்துவிடலாம். மட்ரிட்டில் சந்திப்போம். அங்கிருந்து நேராகத் தெற்கே இறங்கிவிடலாம். கோர்டோபா, செவில். இரண்டும் ஆற்றங்கரை ஊர்கள், சமதரை. பிறகு மாலகா போய்க் கடற்கரையில் இரண்டு நாள் சும்மா உட்காரலாம். நம் ஊர்க் கடலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது எனக்கு. இங்கே இருக்கிற கடல் சாம்பல் நிறம்.

கிரனாடா வேண்டாம். அரண்மனை மலைமேல் இருக்கிறது. டொலேடோவும் வேண்டாம், அண்ணி. ஊரே ஒரு பாறைமேல். எந்தத் தெருவைப் பார்த்தாலும் மேடாம். கரோலுக்கே இரண்டு நாள் கால் வலித்ததாம்.

யோசித்து எழுதுங்கள்.

ராஜி


கியூர்பிப்,
20 மார்ச் 1967

ராஜிக்கு,

சலமான்காவை எடுத்துவிடு. ஆவிலாவை எடுத்துவிடு. கிரனாடாவைக்கூட எடுத்துவிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். டொலேடோவை எடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

உன் அண்ணன் ஸ்பெயின் என்று சொன்னால் அது டொலேடோதான். மற்ற ஊர்களெல்லாம் போகிற வழி. ஒரு காலத்தில் அங்கே முஸ்லிமும் கிறிஸ்தவரும் யூதரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் மொழிபெயர்க்க, மூன்றாமவர் எழுதினார் என்பார். எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்! அறுபத்தைந்து மே மாதம் இங்கே இனத்துக்கு இனம் அடித்துக்கொண்டு ஊரடங்கு போட்டார்களே, அப்போது காலேஜ் மூடியிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி கொடுக்கப் போனேன். "சிவகாமி, அந்த மேசை எங்கே இருந்ததுன்னு ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு வந்துடணும்" என்றார். நவம்பரில் போய்விட்டார்.

அவர் சாவுக்குத்தான் நீ வரவில்லை. அவர் ஆசைப்பட்ட ஊருக்கும் வரமாட்டாயா? மேடு என்கிறாய். என்னைவிட ஆறு வயது சின்னவள் நீ. தினமும் வார்டு வார்டாக நடக்கிறவள். கால் வலிக்கும் என்று எனக்குக் காரணம் சொல்லாதே. கடற்கரையில் சும்மா உட்காரவேண்டுமென்றால் இங்கிருந்து அரைமணி நேரம் பஸ்ஸில் போனால் எனக்குக் கடல் இருக்கிறது. அதற்கு ஸ்பெயின் எதற்கு?

டொலேடோ இல்லையென்றால் நான் வரவில்லை.

சிவகாமி


லீட்ஸ்,
10 ஏப்ரல் 1967

அண்ணி,

சரி. டொலேடோ இருக்கட்டும். நீங்கள் மேலே போய்ப் பாருங்கள். நான் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறேன்.

நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் இதுவரை என்னைக் கேட்கவே இல்லை. வரவில்லை என்று மட்டும்தான் எழுதுகிறீர்கள்.

ராஜி


கியூர்பிப்,
25 ஜூன் 1967

என் ராஜி,

ஏப்ரலில் நீ எழுதியதற்குப் பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். போன சனிக்கிழமை மிஷெலின் வந்தாள். உன்னோடு லீட்ஸில் ஒரே அறையில் தங்கியிருந்த மிஷெலின்தான். லீவில் குட்லண்ட்ஸுக்கு அம்மாவைப் பார்க்க வந்தவள், நீ கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டையைக் கொடுக்க பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். நல்ல மழை. நனைந்துபோயிருந்தாள். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்து டீ போட்டேன்.

உட்கார்ந்ததும், "ராஜி இப்ப பரவாயில்ல, மாதாம். கை வீக்கம் குறைஞ்சிருக்கு. மாடிப்படி ஏறினாத்தான் இன்னும் மூச்சு வாங்குது" என்று அவள் பாட்டுக்குக் கிரியோலில் சொல்லிக்கொண்டே போனாள்.

"எந்தக் கை? என்ன வீக்கம்?" என்றேன்.

அவள் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "லி பா தி தீர் ஊ?" என்றாள். அவள் உங்களிடம் சொல்லவில்லையா?

இல்லை என்று தலையாட்டினேன்.

"போந்தியே! கடவுளே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நான் விடவில்லை. எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன். மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தது, நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே உனக்கு ஆபரேஷன் செய்தது, ஒரு பக்கம் முழுக்க எடுத்தது. அண்ணன் செத்துப்போனார் என்ற தந்தியை அவள்தான் உன் கட்டிலுக்குக் கொண்டுவந்தாளாம். குழாய் போட்டுப் படுத்திருந்தாயாம். எனக்கு வந்த தந்தியை நீ சொல்லச்சொல்ல அவள்தான் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தாளாம். அதன்பிறகு மாதக்கணக்கில் எக்ஸ்ரே சிகிச்சை, அதில் நுரையீரலும் கொஞ்சம் கெட்டது என்றாள்.

ஏன் ராஜி? பாவி, ஒரு வார்த்தை எழுதியிருக்கக்கூடாதா?

அவள் போனபிறகு உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஆற்றங்கரை ஊர், சமதரை என்று எழுதியிருக்கிறாய். கடற்கரையில் உட்காரலாம் என்கிறாய். எனக்கு அப்போது புரியவில்லை.

இன்னொரு சேதி. சூயஸ் கால்வாயை மூடிவிட்டதால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகிறது. போர்ட் லூயியில் கப்பல் ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். ஆகஸ்ட் முதல் வாரம் ஏறினால் செப்டம்பர் ஏழு, எட்டுக்குத்தான் மார்செய். அதே கப்பல் பதினேழாம் தேதி திரும்பிவிடுகிறது. அதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. ரயிலுக்குப் போகிற நாளையும் உன் லீவு முடிகிற நாளையும் கழித்தால் நமக்குக் கையில் ஐந்து நாள்தான்.

ஐந்து நாளுக்கு ஒரு ஊர் போதும். கோர்டோபா. அங்கே ஆற்றை ஒட்டி நடக்கலாம், களைத்தால் உட்காரலாம். டொலேடோ வேண்டாம். நான் பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். வருகிறேன்.

உன் அண்ணி


லீட்ஸ்,
9 ஜூலை 1967

அன்புள்ள அண்ணி,

மிஷெலின் திரும்பி வந்ததும் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே அழுதுவிட்டாள். சமாதானம் ஆகிவிட்டோம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டி என்று தெரிந்தபோது ஆபரேஷன் முடிந்து நன்றாக ஆனபிறகு எழுதலாம் என்று நினைத்தேன். அதற்குள் அண்ணன் போய்விட்ட தந்தி வந்துவிட்டது. நீங்கள் ஒருவருக்காக அழுதுகொண்டிருக்கும்போது எனக்காகவும் அழுங்கள் என்று எப்படி எழுதுவது? அப்புறம் எழுதலாம் என்றால், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நாள் ஆக ஆக எழுதுவது கஷ்டமாகிக்கொண்டே போனது. உங்களிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. இங்கே நான் மற்றவர்களைக் குளிப்பாட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். எனக்கு என்று வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பார்க்கத் தினமும் யாராவது வருவார்கள். மணி அடித்ததும் போய்விடுவார்கள். என்னைப் பார்க்கவும் யாரோ வருவதுபோல நானும் தினமும் தலை வாரிக்கொள்வேன்.

போதும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். என்னை நோயாளி மாதிரி ஸ்பெயினுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறவள். எனக்காக நீங்கள் டொலேடோவை விட்டுவிட்டால், வாழ்நாள் முழுக்க அது என் தலையில் இருக்கும். மட்ரிட்டிலிருந்து டொலேடோவுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவில் இருக்கும் சதுக்கம் வரைக்கும் பஸ் இருக்கிறது என்று கரோல் சொல்கிறாள். முதலில் கோர்டோபா. கடைசி நாள் டொலேடோ. இரண்டு ஊர். அதற்குமேல் பேச்சு வேண்டாம்.

மட்ரிட்டில் அத்தோச்சா என்று ஒரு ஸ்டேஷன். இரண்டு ஊருக்கும் அங்கிருந்துதான் ரயில். பத்தாம் தேதி காலையில் அங்கே நிற்பேன். நான் மெலிந்துவிட்டேன். அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ராஜி


டக்கார் துறைமுகம்,
30 ஆகஸ்ட் 1967

ராஜி,

இங்கே தபால் எடுக்கிறார்கள் என்றார்கள். அவசரமாக எழுதுகிறேன்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் கப்பலேறினேன். பெரியவர் சுரினாமிலிருந்து வழியனுப்ப வந்திருந்தார். "ஓட்டுப் போடாம போறியேம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் ஓட்டுக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. விதவை ஒருத்தி தனியாக ஐரோப்பாவுக்குப் போகிறாள் என்று ஊரில் பேசுகிறார்களாம். அதை என்னிடம் சொல்லாமல் ஓட்டைச் சொன்னார். திரும்பி வந்ததும் வீட்டை விற்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். சரி என்றேன்.

கேப்டவுனில் கப்பல் ஒரு நாள் நின்றது. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். எங்களைப் போன்றவர்கள் கரையில் கால்வைக்கத் தனி அனுமதி வாங்கவேண்டுமாம். நான் கேட்கப் போகவில்லை. மேல்தளத்தில் நின்று அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலிக் கப்பலில் பணியாள் ஒருவன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

என்னோடு ஒரே அறையில் இருக்கிற அம்மாள் ரியூனியன்காரி. நல்லவள்தான். எனக்கு அவளோடு பேச விஷயம் இல்லை. உன்னிடம் சொல்லவேண்டும் என்று சேர்த்து வைத்தவற்றைத் தினமும் மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நேரில் பார்க்கும்போது இதில் ஒன்றுகூட வாயில் வராதோ என்று பயமாக இருக்கிறது. பதினோரு வருஷம் ஆகிறது நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து.

அண்ணி


லீட்ஸ்,
1 அக்டோபர் 1967

அன்புள்ள அண்ணி,

நீங்கள் இன்னும் நடுக்கடலில் இருப்பீர்கள். வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு கடிதமாவது கிடக்கட்டும் என்று இப்போதே எழுதுகிறேன்.

நீங்கள் பயந்தபடியேதான் ஆனது, இல்லையா? அத்தோச்சாவில் என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்றீர்கள். பிறகு கோர்டோபா போய்ச் சேரும்வரை ரயிலில் இரண்டு பேரும் ஆலிவ் மரங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தோம். உங்கள் தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் என் கையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது.

அந்த மசூதியின் உள்ளே போனபோதும் பேசவில்லை. தூண்கள், தூண்கள், அதன் நடுவில் பிற்காலத்தில் கட்டிய ஒரு மாதாகோயில். கைடுகள் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று மத்தியானம் நாம் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில்தான் உங்கள் வாய் திறந்தது. வீட்டுக்கார அம்மாள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு, "இதுல கடுகு தாளிச்சிருந்தா…" என்று ஆரம்பித்தீர்கள். அப்புறம் நிற்கவே இல்லை. திருச்சி, உங்கள் அப்பா, கல்யாணமாகிக் கப்பலில் வந்தபோது வாந்தி எடுத்தது, அண்ணன் கடைசி வாரம் சாப்பிட்டது, சாப்பிடாமல் விட்டது, எல்லாம். இருட்டும்வரை பேசினீர்கள். எனக்குப் பாதிச் சொற்கள் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் நிறுத்திவிடுவீர்களோ என்று சொல்லாமல் இருந்தேன். அந்த அம்மாள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் அக்காவா என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். ஸ்பானிஷ் மொழியில் அண்ணிக்கு என்ன சொல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

டொலேடோவைப் பற்றி நீங்கள் திரும்பிவரும்போது ஒன்றும் சொல்லவில்லை. பஸ் நிரம்பி வழிந்ததால் நடக்கலாம் என்று சொன்னது நான்தான். பாலம் தாண்டி முதல் மேட்டிலேயே என்னால் முடியாமல் போனது. கத்தி விற்கிற கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். "போதும், இதுவரைக்கும் வந்ததே போதும், திரும்பிடலாம்" என்றீர்கள். நான் உங்களைத் திட்டி மேலே அனுப்பினேன். நீங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனீர்கள். மூன்று மணி நேரமாவது ஆகும் என்று நினைத்து, கடைக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஒரு மணி நேரத்துக்குள் மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டீர்கள். மேலே என்ன நடந்தது? யாராவது ஏதாவது சொன்னார்களா?

ஸ்டேஷனில் உங்கள் ரயில் கிளம்பும்போது, திருச்சிக்குப் போவது நிச்சயமா என்று கேட்டேன். எழுதுகிறேன் என்றீர்கள். எழுதுங்கள்.

ராஜி


கியூர்பிப்,
30 ஜனவரி 1968

என் ராஜி,

எழுதத் தாமதமாகிவிட்டது. வந்ததும் காய்ச்சலில் விழுந்தேன். பிறகு இங்கே நடப்பதெல்லாம் உனக்கு ரேடியோவில் தெரிந்திருக்கும். போர்ட் லூயியில் வெட்டும் குத்தும் தீயும். மறுபடியும் ஊரடங்கு, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். இன்னும் ஆறு வாரத்தில் சுதந்திரம் என்கிறார்கள். அதற்குள் முடிந்தவர்கள் எல்லாம் கிளம்புகிறார்கள். அடுத்த வீட்டு ரோபெர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறான். நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நீங்களும்தானே போறீங்க, மாதாம்? இந்தியாவுக்கு?" என்றான். சிரித்துவைத்தேன்.

டொலேடோவில் மேலே என்ன நடந்தது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் நடக்கவில்லை. சதுக்கத்தில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதாம் மிட்டாய் விற்றார்கள், பொம்மை வாள் விற்றார்கள். அந்த மொழிபெயர்ப்பு மேசை எங்கே இருந்தது என்று ஒரு போலீஸ்காரரிடம் பிரெஞ்சில் கேட்டேன். அவர் எனக்குப் பசிக்கிறதென்று நினைத்து ஓட்டலைக் காட்டினார். கதீட்ரலுக்குள் போனேன். ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டு, வந்துட்டேங்க என்று உன் அண்ணனிடம் மனசுக்குள் சொன்னேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவர் அங்கே இருப்பார் என்று நினைத்துக்கொண்டே இத்தனை தூரம் வந்திருக்கிறேன். அவர் அங்கே இல்லை. பயமாகிவிட்டது. அந்தப் போலீஸ்காரர் ஓட்டலைக் காட்டியதை உன்னிடம் சொன்னால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. உடனே, நீ கீழே அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாயே, மயங்கி விழுந்திருந்தால் என்ன செய்வேன் என்று தோன்றியது. அதுதான் ஓடிவந்தேன். ஓடிவந்து உன் முகத்தைப் பார்த்ததும் எதையும் சொல்லத் தோன்றவில்லை.

நீ இங்கே வந்துவிடேன், ராஜி. இங்கேயும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் படித்த நர்ஸ் என்றால் கையைப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். உன் அறையை ஒழித்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். எல்லோரும் போகிற நேரத்தில் இவள் வரச் சொல்கிறாளே என்று நினைக்காதே.

அண்ணி


லீட்ஸ்,
18 பிப்ரவரி 1968

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்று மெட்ரனிடம் போய் ராஜினாமாவைப் பற்றிப் பேசிவிட்டேன். மறுநாள் டாக்டரைப் பார்த்தேன். "எங்கே போகிறாய்?" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு என் படங்களை எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மற்றப் பக்கத்தில் ஒரு நிழல் இருக்கிறது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கான மெஷின் அந்தத் தீவில் இல்லையே, மிஸ், என்றார். அவர் சொல்வது சரி. எனக்கே தெரியும்.

அதனால் வர முடியாது. எத்தனை வருஷம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தத் தடவை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அதை மட்டும் பாருங்கள்.

நீங்கள் திருச்சிக்குப் போங்கள், அண்ணி. எனக்காக அந்த மழையில் உட்கார்ந்திருக்காதீர்கள். அங்கே தமிழ் இருக்கிறது, தம்பி பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு நீங்கள் எங்கிருந்து எழுதினாலும் ஒன்றுதான். கோர்டோபாவிலிருந்து வந்தபிறகு இங்கே அறை முன்னைவிட அமைதியாக இருக்கிறது. முன்னால் எனக்கு அது தெரியாது. சில நாள் வேலை முடிந்து வந்ததும் தமிழில் சத்தமாக எதையாவது சொல்லிப் பார்க்கிறேன். போன வாரம், வெங்காயம் நல்லா சிவக்கணும் என்று சொன்னேன். பக்கத்து அறை கரோல் சுவரைத் தட்டி, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

ராஜி


கியூர்பிப்,
17 மார்ச் 1968

என் ராஜி,

செவ்வாய்க்கிழமை சுதந்திரம் வந்தது. நான் போர்ட் லூயிக்குப் போகவில்லை. லிலியானும் நானும் சமையலறையில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டோம். கொடி ஏற்றும் நேரத்தில் பீரங்கி முழங்கியது. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. ரோபெர் வீட்டில் ஆள் இல்லை. போன வாரமே போய்விட்டார்கள். லிலியான் ஏனோ அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று கேட்டேன். தனக்கே தெரியவில்லை என்றாள். ரேடியோவை அணைத்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை பெரியவர் காகிதங்களோடு வந்தார். வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நல்ல மனிதர், ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெரியவர் பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். "நான் போடலைங்க" என்றேன்.

"ஏம்மா? திருச்சிக்கு எழுதியாச்சே?"

"வரலைன்னு எழுதிடறேன்."

"தனியா இங்க என்ன பண்ணப் போற? ராஜியும் வரமாட்டேங்குறா."

"அவளுக்கு ஊர்னு ஒண்ணு வேணும்ல? நான் இதை வித்துட்டுப் போயிட்டா அவ எங்கே வருவா?"

அவர் பேனாவை வாங்கி மூடினார். பிறகு வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது, கூரையில் ஒழுகுகிற இடத்துக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார்.

திருச்சிக்கும் எழுதிவிட்டேன். தம்பி கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த நிழலைப் பற்றி நீ எழுதியதைப் படித்து அழாமல் இருந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு மூன்று மாதமும் அவர் படம் எடுத்தபிறகு என்ன சொன்னாரோ, அதை அன்றைக்கே எழுது. நல்லதோ கெட்டதோ, பிழையோடு எழுது.

வர முடியாது என்கிறாய். சரி. வர முடிகிற வருஷம் ஒன்று இருந்தால் வா. கதவைத் திறக்க நான் இருப்பேன். அப்படி ஒரு வருஷம் வராமலே போனாலும் இங்கேதான் இருப்பேன்.

உன் அண்ணி